இடிபாடுகளுக்குள் இறங்கும் சிப்பாய்

போர்வீரனுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் லக்ஷணங்கள் இரண்டு: அஞ்சாமை, வேகம். இடிந்து விழுந்த கட்டடத்தின்மேல் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலாவது பயன்படும். இரண்டாவது ஆளைக் கொன்றுவிடும். ஒரு பாளத்தை அவசரமாகப் புரட்டினால், அதன் கீழே உயிரோடிருப்பவன்மேல் மற்றவை சரிந்துவிடக்கூடும். ஆகையால், துப்பாக்கி பிடித்துப் பழகிய கைகளுக்கு நிதானத்தைக் கற்பிப்பதே இந்த வித்தையின் முதற்பாடம்.

நம் தேசத்தில் இதற்கென்றே ஒரு படை இருக்கிறது. 2001 ஜனவரி 26-ஆந் தேதி குஜராத்தைக் குலுக்கிய பூகம்பமும், 2004 டிசம்பர் 26-ஆந் தேதி நம் கரையோரங்களை வாரிச் சென்ற ஆழிப் பேரலையும் கண் திறந்துவிட்ட பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. அதன்படி 2006-ல் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைந்தது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்ட பட்டாளங்களே இதன் அங்கங்கள். நாலாவது பட்டாளம் நம் அரக்கோணத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் இவர்களைச் சாதாரணக் காவல் வேலைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சங்கீத வித்வானைச் சமையலுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டுமே கெடும் அல்லவா? நல்லவேளையாக அந்த வழக்கம் சீக்கிரமே ஒழிந்து, மீட்பு ஒன்றே இவர்கள் தொழில் என்று ஆயிற்று.

ஒரு குழுவில் ஏறக்குறைய 45 பேர். கட்டட நுட்பம் அறிந்தவர், மின்சார வேலை தெரிந்தவர், வைத்திய உதவியாளர், நாய்களை நடத்துவோர் எல்லாரும் அதில் அடக்கம். இவர்கள் கற்கும் பாடங்களில் கடினமானது மௌனம். இயந்திரங்களை நிறுத்தி, மூச்சையும் அடக்கி, உள்ளேயிருந்து முனகலோ தட்டும் சப்தமோ வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளைப் பத்து நிமிஷம் பேசாதிருக்கச் செய்வது எத்தனை கஷ்டம் என்பது நமக்குத் தெரியும். கதறிக்கொண்டு நிற்கும் ஒரு பெருங்கூட்டத்தை அடக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பாளத்தை ஓர் அங்குலம் உயர்த்தினால், உடனே ஓர் அங்குலக் கனத்துக்கு மரக்கட்டை செருக வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பல மணி நேரம் நசுங்கிக் கிடந்த காலின் தசையில் நஞ்சு சேர்ந்துவிடுகிறது. பாரத்தை நீக்கியதும் அது இரத்தத்தில் கலந்து இருதயத்தை நிறுத்திவிடலாம். வாய் பேசிக்கொண்டே வெளியே வந்தவர் சற்றைக்கெல்லாம் இறந்துபோவது இதனால்தான். ஆகவே, வைத்திய உதவியாளர் பொந்துக்குள் ஊர்ந்து சென்று, நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றத் தொடங்கிய பிறகே பாளத்தைத் தூக்குவது முறை.

நாய்களுக்கும் இந்த நிதானம் உண்டு. 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் நேர்ந்தபோது, நம் படையுடன் சென்ற ஜூலி என்னும் நாய் ஓரிடத்தில் நின்று குரைத்தது. ரோமியோ என்னும் மற்றொரு நாயையும் அனுப்பிப் பார்த்தார்கள். அதுவும் அங்கேயே குரைத்தது. அந்த இடத்திலிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிருடன் எடுக்கப்பட்டாள்.

நம் ஊர்க் கதை அவ்வளவு இனிப்பானதன்று. 2014 ஜூன் 28-ஆந் தேதி போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியாத பதினொரு மாடிக் கட்டடம் இடிந்தது. அரக்கோணத்து வீரர்கள் வந்து பல நாள் இரவு பகலாக உழைத்தார்கள். உயிருடன் மீண்டோர் 27 பேர். மாண்டோர் 61 பேர்.

எவ்வளவு தேர்ந்த படையும் வந்து சேரச் சில மணி நேரமாகும். பூகம்பத்தில் பிழைப்பவர்களில் பெரும்பாலோரை முதலில் இழுத்தெடுப்பவர்கள் அண்டை வீட்டுக்காரர்களே. அவர்களுக்கோ மரக்கட்டை விஷயமும் தெரியாது, உப்பு நீர் விஷயமும் தெரியாது. இங்கே சில ஆண்டுகள் தேர்ச்சி பெற்ற சிப்பாயோ, தவணை முடிந்ததும் தன் பழைய படைக்குத் திரும்பி ஏதோவொரு சாவடியில் காவல் நிற்கிறான். அவன் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, ஜில்லா அதிகாரிகள் அவனை அழைத்து வாலிபர்களுக்கு ஒரு நாள் பாடம் சொல்லச் செய்தால் சர்க்காருக்குப் பெருஞ்செலவு ஆகிவிடாது. அப்படி ஒருவர் நம் பள்ளிக்கூடத்துக்கு வருவதானால், கணக்குப் பாட வேளையை அவருக்கு விட்டுக்கொடுக்க நாம் தயார். பிள்ளைகளும் ஆக்ஷேபிக்க மாட்டார்கள்.