கணிதப் பரீட்சையும் விடை ஒப்புநோக்கலும்

பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும் மாணவர், வீடு திரும்புமுன் குழுக்குழுவாகக் கூடித் தத்தம் விடைகளை ஒப்புநோக்குதல் எங்கும் காணப்படும் வழக்கமாகும். இலக்கியத்திலும் வரலாற்றிலும் ஒரே வினாவுக்குப் பலர் பலவாறு விடையெழுதலாம். ஆதலால் அப்பாடங்களில் இவ்வழக்கம் விரைவில் ஓய்ந்துவிடும். கணிதத்தில் விடை பெரும்பாலும் ஓர் எண்ணாக முடிதலின், அது தோழனது விடையோடு ஒத்ததா, வேறுபட்டதா என்பது நொடிப்பொழுதிற் புலனாகின்றது. வேறுபட்டதெனக் கண்டவன் மனம் சோர்கின்றான். அச்சோர்வு நியாயமானதா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

மலையகத்தில் இக்கேள்வி தனி முக்கியத்துவம் உடையது. தோட்டத்துச் சிறார்க்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. எனினும், தோட்டப் பாடசாலைகள் பல தலைமுறைகளாக ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களின் பிற்பகுதியில் அவை அரசின் பொறுப்பில் எடுக்கப்படலாயின. இடைநிலைக் கல்வி பரவியது அதன் பின்னரே. ஆகவே அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய இடங்களில் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவோருள் பலர், தம் குடும்பத்தில் அம்மண்டபத்துள் நுழைந்த முதலாம் அல்லது இரண்டாம் தலைமுறையினராவர். அப்பரீட்சையில் கணிதம் கட்டாய பாடம். உயர்தர வகுப்பின் விஞ்ஞான, கணிதத் துறைகளும், அரச உத்தியோகங்கள் பலவும் அதிற் சித்தியை வேண்டி நிற்கின்றன. லயத்து வீட்டில் விடையைச் சரிபார்த்துக் கூறுவார் எவருமில்லாதபோது, தோழன் கூறும் எண்ணே தீர்ப்பாகிவிடுகின்றது.

அத்தீர்ப்பு எவ்வளவு பிழைபடக்கூடியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தொழிற்சாலைக்கு 900 கிலோகிராம் கொழுந்து வந்தது; ஈரத்துக்காக அதில் 10 நூற்றுவீதம் கழிக்கப்பட்டது; எஞ்சியதில் 20 நூற்றுவீதம் தேயிலைத்தூளாயிற்று. தூளின் நிறை யாது? இதுவே வினாவென்க.

முதல் மாணவன் 900இலிருந்து 90ஐக் கழித்து 810 பெற்று, அதன் 20 நூற்றுவீதமாகிய 162ஐ விடையாக எழுதினான். இரண்டாமவன் 900இன் 20 நூற்றுவீதத்தை 180 எனக் கண்டு, அதில் 10 நூற்றுவீதத்தைக் கழித்தான். அவனுக்கும் 162 கிடைத்தது. மூன்றாமவன் கழித்தலில் தவறி 820 என எழுதியமையால், 164 என முடித்தான். நான்காமவன் இரு நூற்றுவீதங்களையும் கூட்டி, 900இன் 30 நூற்றுவீதம் 270 என்றான்.

விடைகளை மட்டும் ஒப்புநோக்கின், பின்னிருவரும் ஒரே குழியில் வீழ்ந்தவராகத் தோன்றுவர். ஆனால் மூன்றாமவன் முறையை நன்கறிந்தவன். அவன் தவறியது ஒரு கழித்தலில் மட்டுமே. இத்தகைய வினாக்களில் புள்ளிகள் படிமுறைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதால், அவன் இழப்பது சிறிது. நான்காமவனோ நூற்றுவீதத்தின் இயல்பையே மீளக் கற்கவேண்டியவன். எனினும் அவன் வீட்டறிவே அவனைக் காத்திருக்கலாம். ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தூள் கிடைக்கும் என்பது தோட்டத்தார் பலர் அறிந்தது. அக்கணக்கின்படி 900 கிலோவிலிருந்து 200 கிலோவுக்கு மேல் எதிர்பார்த்தல் அரிது. 270 என்னும் எண் கண்டவுடனே ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

வேறுபட்ட விடைகள் யாவும் பிழையுமல்ல. 7 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் பரப்பளவைப் பையின் பெறுமானம் 22/7 எனக் கொண்டு கணிப்பவன் 154 சதுர சென்ரிமீற்றர் என்பான்; 3.14 எனக் கொள்பவன் 153.86 என்பான். வினாவில் எப்பெறுமானம் தரப்பட்டது என்பதே இங்கு கேள்வி. அவ்வாறே ஒத்த விடைகள் யாவும் சரியுமல்ல. ஒரே தவற்றை ஐவர் செய்யின் ஐவரும் ஒரே எண்ணை அடைவர். பெரும்பான்மையோ, வகுப்பில் முதலிடம் பெறுவோன் சொல்லோ கணிதத்தில் நிறுவலாகாது.

1913ஆம் ஆண்டு சனவரியில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்த சீனிவாச இராமானுஜன், தாம் கண்ட முடிபுகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் பேராசான் ஹார்டிக்கு எழுதியனுப்பினார். ஹார்டி அவற்றின் அருமையை உணர்ந்தும், அவற்றுக்கான நிறுவல்களை அனுப்புமாறு வேண்டினார். பகா எண்கள் பற்றிய இராமானுஜனின் சில முடிபுகள் பிழையென அறியப்பட்டன. எனினும் அவரது பேராற்றலை ஹார்டி ஐயுறவில்லை. விடையினும் அதை அடைந்த வழியே ஆராயத்தக்கது என்பது பெருங்கணித அறிஞரிடையேயும் நிலவிய நெறி.

புள்ளிக்கணக்கும் ஆறுதல் தருவதே. சாதாரண தரக் கணிதத்தில் இரு வினாத்தாள்களும் நூறு நூறு புள்ளிகளுக்கு அமைந்து, அவற்றின் சராசரியே இறுதிப் புள்ளியாகின்றது. ஆகவே 10 புள்ளி வினாவொன்று முற்றிலும் பிழைத்தாலும், இறுதியிற் குறைவது 5 புள்ளிகளே. சாதாரண சித்திக்கு 35 புள்ளிகள் போதும். ஓரிரு விடைகள் ஒவ்வாமையைக் கண்டு, மறுநாட் பாடத்தைப் படியாது உறங்கச் செல்பவன், தான் இழக்காத புள்ளிகளையும் இழக்கின்றான்.

ஆதலின் ஒப்புநோக்கலைப் பரீட்சைகள் யாவும் முடியுமட்டும் ஒத்திவைத்தல் நன்று. அதன்பின் செய்யுங்கால், இருவர் தம் செய்கைகளை அருகருகே வைத்து, அவை முதன்முதலாகப் பிரியும் வரியைத் தேடவேண்டும். பிழை இருப்பின் அது பெரும்பாலும் அவ்வரியிலேயே அகப்படும். சமன்பாட்டின் விடையாயின் அதனை மீளப் பிரதியிட்டுப் பார்த்தால், தோழன் துணையுமின்றி உண்மை விளங்கும். தவணைப் பரீட்சையின் பின் வகுப்பறையிலேயே இம்முறையைப் பயிற்றுதல் ஆசிரியர் கடனாகும். அவ்வாறு பயின்ற மாணவன், வீட்டில் வழிகாட்டுவார் இல்லாவிடினும், தன் விடையைத் தானே சோதிக்கும் வலிமை பெறுவான்.