'வேலையை விட்டுட்டு மாடு மேய்க்கப் போறேன்!'

பழைய மாமல்லபுரம் சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "மதுராந்தகம் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டிரணும் மச்சி. நாலு மாடு, பத்து நாட்டுக்கோழி, போதும்." சொல்கிறவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஐ.டி. நிறுவன அடையாள அட்டை. கோழியை அவர் அதிகமும் தட்டில்தான் பார்த்திருப்பார்.

கேலி செய்வது சுலபம். அதே பெஞ்சில் உட்கார்ந்து நானும் இதையே சொல்லியிருக்கிறேன் என்பதால் அடக்கி வாசிக்கிறேன்.

நியூயார்க்கில் நண்பகல் பன்னிரண்டுக்கு மீட்டிங் என்றால் இங்கே இரவு ஒன்பதரை. நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மார்ச் வரை சோழிங்கநல்லூரில் ஒரு வீட்டின் ராத்திரி பத்தரைக்கு நகரும். மறுநாள் காலை பிள்ளையின் ஸ்கூல் வேன் மட்டும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும்.

வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. அதற்குப் பிறகுதான் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி இளைஞர்களை 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 தொடக்கத்தில் இன்னொரு நிறுவனத் தலைவர் அதை 90 ஆக்கினார்.

சரி, கிளம்பிவிடலாம் என்றால் கணக்கு உதைக்கிறது. ஐம்பது லட்சம் வீட்டுக் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம்: மாதத் தவணை 43 ஆயிரத்துச் சொச்சம். ஏக்கருக்கு 25 குவிண்டால் நெல் என்பது நல்ல விளைச்சல். 2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டால் 2,500 ரூபாய். ஆக 62,500. உழவு, நடவு, உரம், அறுவடைச் செலவைக் கழித்தால், நாலு மாசப் பாடு ஒரு மாதத் தவணைக்கே காணாது.

இப்படிப் பேசுகிறவர்களில் பலருடைய போனில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் படம் இருக்கும். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறியவர்தான். ஆனால், அவர் ஓய்வு தேடிப் போகவில்லை. 2013 டிசம்பரில், மீத்தேன் திட்டத்துக்கு எதிராகத் தஞ்சை மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பட்டுக்கோட்டை அருகே இறந்தார். வயது 75.

கறவை மாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. விடியற்காலை ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, தீபாவளியானாலும் உண்டு. ஆனால் ஒன்று, கன்று ஈனுகிற நாளைத் தவிர அது இரவு பத்தரைக்கு யாரையும் எழுப்பாது. டீக்கடையில் கேட்கிற ஆசையில் முக்கால்வாசி அந்த ராத்திரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு எதற்கு ஒரு ஏக்கர்?

வேலை முடிந்த பிறகு அலுவலக அழைப்பை எடுக்காமலிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லேயே சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் மக்களவையில் அதே நோக்கத்தோடு ஒரு தனிநபர் மசோதா 2018 டிசம்பரில் தாக்கலானது. சட்டமாகவில்லை.