கிளுவை வேலியும் இதயத்துக் கம்பியும்

"அப்பாவுக்கு 81 வயசு அண்ணா. சின்ன வயசா இருந்தா பயமே இல்ல, டக்குன்னு உருவி எடுத்துடலாம்" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கை. அவருக்கு பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் தோல் சிவந்து சீழ் கசிகிறது. பெட்டியோடு ஒயரையும் முழுசாக எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடுத்த டீயை அவள் தொடவே இல்லை.

இதயச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் டெக்னீஷியனாக நெடுங்காலம் நின்றவன் நான். அவளிடம் சொன்னேன்: ஒயரை உருவும் வேலையில் மட்டும் கணக்கு தலைகீழ். இளம் உடம்பில்தான் அது கஷ்டம்.

நம்பாமல் பார்த்தாள். கையோடு வரைந்து காட்டினேன். காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் ஒயரை நாங்கள் லீட் என்போம். சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமன், அரை மீட்டருக்குச் சற்றே அதிக நீளம். தோள்பக்கத்துச் சிரைக்குள் நுழைந்து, மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலப்பக்க அறைக்குள் இறங்கும். பல லீடுகளின் நுனியில் குட்டித் திருகு ஒன்று இருக்கும். அது தசையைக் கவ்விக்கொள்ளும். வைத்த புதிதில் திருகைக் கழற்றி இழுத்தால் வந்துவிடும். நாளாக ஆக, ஒயர் சிரைச் சுவரை உரசும் இடங்களில் ரத்தம் உறைந்து படியும். அதன்மேல் நார்த்திசு வளர்ந்து உறைபோல மூடிவிடும்.

"உங்க ஊர்ல கிளுவை வேலி பாத்திருப்பியே? இளசா நட்ட கிளுவையில முள்கம்பி கட்டினா என்ன ஆகும்?"

"மரமே கம்பியை முழுங்கிடும். அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்."

"பனைமரத்துல கட்டினா?"

"வெளியிலயே கிடக்கும்."

இளம் உடம்பு அந்தக் கிளுவை மாதிரி. காயத்தை ஆற்றும் வேகம் அதிகம். அந்நியப் பொருளைச் சுற்றி நாரை வேகமாக, இறுக்கமாகக் கட்டிவிடும். சிலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து கல்போல் ஆகிவிடும். குழந்தைப் பருவத்தில் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: பிள்ளை வளர வளர ஒயர் இழுபட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வயதானவர்களிடம் அந்த நார் பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும்.

எடுக்கும் விதத்தைப் பார்த்தால் நார் தளர்வாக இருப்பதன் அருமை புரியும். லீடின் நடுவே உள்ள துளையில் மெல்லிய கம்பியை விட்டு உள்ளேயே பூட்டுவார்கள். பிடித்து இழுக்க அதுதான் கைப்பிடி. பிறகு லீடின் மேலேயே ஒரு குழாயை நகர்த்திக்கொண்டு போவார்கள். அதன் வாயில் சுழலும் வெட்டும் விளிம்போ, 308 நானோமீட்டர் லேசரோ இருக்கும். அது நாரை அறுத்து ஒயரை விடுவிக்கும். நான் அஞ்சும் இடம் மேற்பெருஞ்சிரை, சுவர் மெல்லியது. அது கிழிந்தால் நிமிடங்களில் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். அதனால்தான் இதயப் பைபாஸ் செய்யும் சர்ஜன் தயாராக நிற்க வேண்டும். நார் கல்லாகிப் போன இளைஞனிடம் அந்த இடத்தைக் கடக்கும்போது அறையே மூச்சைப் பிடித்து நிற்கும்.

ஐரோப்பாவில் 3,500-க்கும் மேற்பட்டோரைக் கவனித்த 'எலெக்ட்ரா' பதிவேட்டில், எடுக்கும் செயலால் வந்த பெரிய சிக்கல் 1.7 சதவீதம். 80 கடந்தவர்களைத் தனியாகப் பார்த்த ஆய்வுகளிலும் வெற்றி குறையவில்லை. ஆனால் பெரியவருக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும்: சிறுநீரகம், ரத்தசோகை, ரத்தத்தில் கலந்த கிருமி. ஒயர் சுலபமாக வந்துவிட்டாலும் அடுத்த ஒரு மாதத்தைக் கவனமாகத் தாண்ட வேண்டும். கிருமி பிடித்த ஒயரை உள்ளே விட்டுவைப்பது அதைவிட மோசம்.

எனக்கு உண்மையில் மனம் அடித்துக்கொள்வது இருபது வயதுப் பிள்ளைகளை நினைத்துத்தான். அவர்கள் இந்தக் கருவியோடு நெடுங்காலம் வாழ வேண்டியவர்கள். 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக பேஸ்மேக்கர் பதிக்கப்பட்ட ஆர்னே லார்சனுக்கு அப்போது வயது 43. மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள் மாற்றி 86 வயது வரை வாழ்ந்தார். இன்று பெட்டியை மட்டும் மாற்றுவது சுலபம். ஆனால் கெட்டுப்போன ஒயரை 'இருக்கட்டும்' என்று உள்ளேயே விட்டு, பக்கத்தில் இன்னொன்றை நுழைத்தால், பத்து வருடம் கழித்து இரண்டும் சேர்ந்து நாருக்குள் புதைந்திருக்கும். இளையவர்களுக்கு முடிந்தவரை குறைவான லீட் வேண்டும். தேவைப்பட்டால், பழுதான லீடைச் சீக்கிரம் எடுப்பது பற்றி முதலிலேயே பேச வேண்டும். சிலருக்குச் சிரைக்குள் போகாமல் தோலுக்கடியிலேயே ஒயர் ஓடும் ஐ.சி.டி.யும் (ஆபத்தான துடிப்பை மின்னதிர்வால் சரிசெய்யும் கருவி) பொருந்தும்.

"அப்போ வயசைவிட ஒயரோட வயசைக் கேக்கணுமா?" என்றாள்.

"ரெண்டையும் கேளு. ஆனா ஒயரோட வயசை முதல்ல கேளு."

எழுந்து ஓடினாள். பழைய மருந்துச் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து பேஸ்மேக்கர் அட்டையை எடுத்து வந்தாள். லேமினேஷன் ஓரம் பிரிந்திருந்தது. எட்டு வருடம். இரண்டு லீட். நகத்தால் அந்தத் தேதியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.