நடந்த திமிங்கிலங்கள்

பரிணாமத்தைச் சந்தேகிப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மிக நியாயமானது. ஒரு விலங்கினம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறியது என்றால், நடுவில் வாழ்ந்தவை பாறையில் கிடைக்க வேண்டாமா? டார்வினையே உறுத்திய கேள்வி இது. 1859இல் வெளியான தம் நூலில் புதைபடிவங்களின் போதாமைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியிலிருந்து திமிங்கிலம் போன்ற ஒன்று உருவாகலாம் என்றும் அதில் எழுதினார். கேலி கிளம்பியது, அடுத்த பதிப்பில் அந்த ஊகத்தை நீக்கிவிட்டார்.

திமிங்கிலம் காற்றைச் சுவாசிக்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அதன் முன்னோர் தரையில் நடந்திருக்க வேண்டும். ஆனால் டார்வினுக்குப் பின் நூறாண்டு கடந்தும் நடக்கக்கூடிய திமிங்கிலம் எதுவும் அகப்படவில்லை.

விடை நம் துணைக்கண்டத்தில் புதைந்திருந்தது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவை நெருக்க, இடையில் இருந்த டெதிஸ் கடல் சுருங்கியது. அதன் கரையோர வண்டல் இன்று பாகிஸ்தானிலும் காஷ்மீரிலும் கட்ச்சிலும் பாறையாக இருக்கிறது. அங்கே கிடைத்த பாகிசீட்டஸுக்கு நான்கு கால்கள், ஓநாயின் உருவளவு. காது எலும்போ திமிங்கிலத்துடையது. அதற்கும் மேலடுக்கில் கிடைத்து 1994இல் அறிவிக்கப்பட்ட ஆம்புலோசீட்டஸ், பெரிய பாதங்களால் நீரைத் தள்ளி நீந்தியது. இன்னும் பிந்திய காலத்து எகிப்தியப் பாறைகளில் 15 மீட்டருக்கும் நீளமான பசிலோசாரஸ். முழுக் கடல்வாசியான அதற்கும் விரல்களோடு கூடிய சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்தன.

இவற்றைவிட என்னை வியக்கவைப்பது ஏ. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளரின் சேகரிப்பு. காஷ்மீரின் காலாகோட்டில் அவர் எடுத்த குளம்புள்ள சிறு விலங்குக்கு 1971இல் இந்தோஹையஸ் எனப் பெயரிட்டார். பாறைத் துண்டுகள் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி அவற்றை ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். மண்டையோடு ஒன்றைச் சுத்தம் செய்கையில் தவறுதலாக ஒரு துண்டு பெயர்ந்து, உள்ளே காது எலும்பு தெரிந்தது. அதன் உட்சுவர் திமிங்கிலங்களுக்கே உரிய விதத்தில் தடித்திருந்தது! பூனையளவுள்ள அந்த விலங்கு திமிங்கிலங்களின் நெருங்கிய உறவு என்ற முடிவு 2007இல் வெளியானது.

இவை ஒன்றுக்கொன்று நேரடித் தாத்தா, பேரன் என்று யாரும் சொல்லவில்லை. பங்காளி உறவு என்பதே சரி. இறந்தவற்றில் மிகச் சிலவே வண்டலில் மூடப்பட்டுக் கல்லாகின்றன. ஆகவே இடைவெளிகள் என்றும் இருக்கும். இடைவெளியை மட்டும் பார்ப்பவர்கள் அடுக்குகளின் வரிசையைப் பார்க்கத் தவறுகிறார்கள். அந்த வரிசை தற்செயலாக அமையக்கூடியது அல்ல.

தமிழ்நாட்டிலும் அத்தகைய பாறை அடுக்குகள் உண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள் டைனோசர் காலத்துக் கடலடி. அங்கே அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகளும் சுறாப் பற்களும் கிடைக்கின்றன. ஆனால் திமிங்கிலங்கள் தோன்றுவதற்கு முந்திய அடுக்குகள் என்பதால் திமிங்கில எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. சந்தேகம் உள்ளவர்கள் அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.