மரங்கள் உணர்த்தும் பொருள்



காட்டில் நிற்கும் மரங்களுக்கு நம் முன்னோர் தனித்தனியே குணம் கண்டனர். அக்குணத்திலிருந்து ஒரு பொருளையும் கண்டனர். வாகை என்றால் வெற்றி. சந்தனம் என்றால் சான்றாண்மை. தேக்கு என்றால் உறுதி. ஆல் என்றால் தழைத்த குடும்பம். இவற்றை நீங்கள் மேடையிலும் கட்டுரையிலும் தாராளமாக எடுத்தாள்கிறீர்கள். நானும் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே எடுத்தாண்டவன்தான். ஆயின், மரத்தை அறியாமல் அதன் பொருளை மட்டும் சொல்லிக் கொண்டிருப்பது எவ்வளவு பெரிய குறை என்பதை ஒரு மாணவன் எனக்கு உணர்த்தினான். அவனிடமிருந்தே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு பள்ளியில் அப்போது நான் தமிழாசிரியன். வாகை சூடுதல் என்றால் வெற்றி பெறுதல் என்று விளக்கிக் கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த மலையூர்ச் சிறுவன் ஒருவன், "ஐயா, வாகை எந்த மரமுங்க?" என்று கேட்டான். நான் சற்றும் தயங்காமல் சன்னல் வழியே விளையாட்டுத் திடலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தைச் சுட்டிக் காட்டினேன். அவன் சிறிது நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு, "அது இல்லீங்கய்யா. வாசல்ல கலகலன்னு சத்தம் போடுதே, அதுதானுங்க வாகை" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து பிற்காலத்தில் இங்கு வந்த மரம். சங்ககால வீரன் ஒருவன் அதன் பூவைச் சூடியிருக்கவே முடியாது. உண்மையான வாகையோ பள்ளி வாசலில் நின்றது. நாள்தோறும் இருமுறை அதன் நிழலைக் கடந்து சென்ற நான் அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அன்று மாலை அம்மரத்தடியில் நெடுநேரம் நின்றேன். கோடைக்காலம். இலைகள் உதிர்ந்திருந்தன. ஒரு சாணுக்குக் குறையாத தட்டையான நெற்றுகள், வைக்கோல் நிறத்தில், கிளைதோறும் தொங்கின. காற்று வீசும்போதெல்லாம் உள்ளிருந்த விதைகள் மோதி ஓயாது ஒலித்தன. குறுந்தொகையில் பெரும்பதுமனார் பாடிய பாட்டொன்றை நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். வாகை நெற்று ஒலிக்கும் ஒலியை, கயிற்றின்மேல் ஆடும் கூத்தர் கொட்டும் பறையொலிக்கு அவர் ஒப்பிடுகிறார். அவ்வுவமையின் பொருள் நூலில் எனக்குத் தெரியும். அதன் ஓசை அன்றுதான் தெரிந்தது.

அப்பொழுது இன்னொன்றும் புலனாயிற்று. அந்தப் பாட்டு வெற்றியைப் பாடும் பாட்டன்று, பாலைப் பாட்டு. நீரற்ற வழியில் இளைய தலைவனும் தலைவியும் தம் ஊரை விட்டுப் போகிறார்கள். அவ்வழியில் ஒலிப்பது வாகை. வெற்றியின் மரம் வறண்ட நிலத்தில் வெறுமையின் ஒலியை எழுப்பிக் கொண்டு நிற்கிறது. இது தற்செயலன்று. தொல்காப்பியர் அகத்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு புறத்திணையை இணை கூறுகிறார். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்திற்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை என்று சொல்லி, பாலைக்கு இணையாக வைப்பது வாகையை. வெற்றிக்கு இணை பிரிவு! போரில் வென்றவன் தன் இல்லத்தைப் பிரிந்துதான் சென்றான். திரும்பி வாராதார் பலர். வாகைப் பூவின் மென்மையான நறுமணத்தையும், அதே மரத்தின் வற்றிய நெற்றின் ஒலியையும் சேர்த்து உணர்ந்தவர்களே இவ்விரண்டையும் இணைத்திருக்க முடியும் என்பது என் துணிபு. வாகை என்றால் வெற்றி என்று மட்டும் படிப்பவனுக்குப் பாதிப் பொருளே கிடைக்கிறது.

இனி மலைக்குச் செல்வோம். குறிஞ்சி நிலத்தின் தலையாய மரம் வேங்கை. பொன்னிறப் பூ, கருமையான அடிமரம், பட்டையை வெட்டினால் குருதி போன்ற செம்பால் வடியும். இதனால் உதிர வேங்கை என்றும் வழங்குவர். இதன் வயிரத்தில் கடைந்த குவளையில் நீரை ஊற்றி வைத்தால், நீர் பழுப்பேறி, ஒளியில் நீலச் சாயல் காட்டும். வேங்கை என்பது புலிக்கும் பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். கரிய பாறையின்மேல் வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் காட்சி புலிக்குட்டியாகத் தோன்றியது என்கிறது குறுந்தொகை. இரவில் வரும் தலைவனுக்கு அது அச்சம் தரும் காட்சி.

வேங்கை மலரும் காலமும் தினை முதிரும் காலமும் ஒன்றையொன்று அடுத்து வருவன. ஆதலால் மலைவாழ் மக்கள் அதனைக் காலம் கணிக்கும் கணியாகவே கொண்டனர். கணிவேங்கை என்றே பெயரிட்டனர். வேங்கை பூத்தால் திருமணத்திற்கு நற்காலம். அதே வேளையில், தினை கொய்யப்பட்டால் தலைவிக்குப் புனங்காவல் இல்லை. புனங்காவல் இல்லையேல் தலைவனைக் காண வழியில்லை. ஆகவே ஒரே பூ ஊராருக்கு மணநாளையும், காதலர்க்குப் பிரிவு நாளையும் அறிவித்தது. மரம் ஒன்றுதான், அதனைப் பார்ப்பவரின் நிலைக்கேற்பப் பொருள் வேறாயிற்று.

முல்லை நிலத்துக் கொன்றையும் அத்தகைய காலக் கணிதான். கொன்றை சரஞ்சரமாகப் பூத்தால் கார்காலம் வந்தது என்று பொருள். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவன் வரவில்லை. தோழி தலைவியைத் தேற்றுகிறாள்: இது கார்காலம் அன்று, காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கண்டு இந்தக் கொன்றை அறியாமையால் பூத்துவிட்டது என்கிறாள். வேறொரு பாட்டில் தலைவியே பேசுகிறாள்: காடெல்லாம் கூடிக் கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். பொய் சொல்லாத மரத்தையே பொய்ச்சாட்சி என்று தள்ளிவிடும் அளவுக்கு அவள் அன்பு இருந்தது. கொன்றை எப்போது பூக்கும் என்பதை அறியாதவனுக்கு இந்தப் பாட்டின் உயிர் எங்கே என்று தெரியுமா?

அடுத்துச் சந்தனம். தேயத் தேய மணப்பது. ஆதலால் தன்னை வருத்துவார்க்கும் நன்மை செய்யும் சான்றோருக்கு அதனை உவமை கூறுவர். உவமை உண்மையானதே. சந்தனத்தின் மணம் அதன் இலையிலோ பூவிலோ வெளிமரத்திலோ இல்லை. பல்லாண்டு வளர்ந்தபின் உள்ளே உருவாகும் வயிரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் இம்மரத்தின் வேரை ஆராய்ந்தவர்கள் மற்றோர் உண்மையைக் கண்டறிந்தனர். சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. பச்சை இலையால் தன் உணவைத் தானே ஆக்கிக் கொள்ளும் எனினும், மண்ணுக்கடியில் தன் வேர்களை அண்டை மரங்களின் வேர்களோடு பொருத்தி, நீரையும் உப்புச் சத்தையும் அவற்றிடமிருந்து பெற்றுக் கொள்கிறது. தனியே நட்டு வளர்த்தால் அது செழிப்பதில்லை. அதனால் சந்தனக் கன்றை வளர்ப்போர் அதனருகில் துவரை போன்ற வேறொரு செடியையும் சேர்த்தே நடுகின்றனர்.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் சந்தனம் திருடன்தானே என்று நகைக்க வேண்டா. உவமை இதனால் பழுதாவதில்லை, ஆழம் பெறுகிறது. சான்றோர் தாமே தனித்து உயர்ந்தவர் அல்லர். தாயும் தந்தையும், ஆசிரியரும், பெயர் தெரியாத பலரும் ஊட்டிய சத்திலிருந்துதான் அவருடைய மணம் பிறந்தது. அந்தக் கடனை மறவாதவர் மணக்கிறார். அறிவியல் வந்தால் கவிதை போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் சந்தன வேரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்திக்கும் இதுவே நேர்ந்தது. அரிதாக நிகழ்வதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி பூவாமல் காய்ப்பது என்று பலரும் நம்பினர். உண்மை என்னவெனில், நாம் அத்திக்காய் என்று நினைப்பதன் உட்புறம் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். நுனியில் உள்ள மிகச்சிறிய வாயில் வழியே ஒருவகைச் சிறு குளவி உட்புகுந்து முட்டையிடுகிறது. அதே வேளையில் மகரந்தத்தையும் சேர்க்கிறது. ஆல், அரசு, இச்சி முதலிய இனங்களும் இத்தன்மையனவே. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குளவி உண்டு. அக்குளவி அழிந்தால் அம்மரத்திற்கு வித்து இல்லை. காட்டில் பிற பழங்கள் அற்ற காலத்திலும் இவ்வினத்தில் ஏதேனும் ஒரு மரம் பழுத்திருக்கும். ஆனைமலைக் காடுகளில் பெண் இருவாய்ச்சிப் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக் கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் பறவை வெளியிலிருந்து பழங்களைக் கொணர்ந்து ஊட்டும். அப்பழங்களில் பெரும்பங்கு அத்தி, ஆல் இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே அத்தி உணர்த்தும் பொருள் அருமை மட்டுமன்று. வெளியே காட்டிக் கொள்ளாமல் செய்யும் உதவியும் ஆகும்.

இவ்வாறு மரத்தோடு நெருங்கி வாழ்ந்த மக்கள், மரத்தையே தம் அரசின் உயிராகக் கருதியதில் வியப்பில்லை. பண்டை மன்னர் ஒவ்வொருவருக்கும் காவல்மரம் இருந்தது. அதன் கிளையை ஒடிப்பதும் அதில் யானையைக் கட்டுவதும் போருக்கு அறைகூவல். சேரன் இமயவரம்பன் பகைவரின் கடம்பை வெட்டி வீழ்த்தினான் என்பது பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துத் தரும் செய்தி. நான்காம் பத்து, நார்முடிச் சேரல் நன்னன் என்பவனது காவல்மரத்தை வெட்டிய வெற்றியைப் புகழ்கிறது. அம்மரம் எது என்று நினைக்கிறீர்கள்? வாகை! வெற்றிக்குப் பெயர் தந்த மரமே ஒருவனது தோல்வியின் அடையாளமாக வெட்டுண்டு வீழ்ந்தது. புலவர்கள் வென்றவனைப் பாடினார்கள். வெட்டுண்ட மரத்தடியில் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காவல்மரத்தை வெட்டிய காலம் போயிற்று. காட்டையே வெட்டிய காலம் பின்னர் வந்தது. தேக்கின் கதை அதனைச் சொல்லும். தேக்கின் மரத்தில் இயல்பாக உள்ள நெய்ப்பசை கறையானையும் நீரையும் எதிர்த்து நிற்கும். இந்த உறுதியே அதற்குப் பகையாயிற்று. கப்பலுக்கும் இருப்புப்பாதைக் கட்டைக்கும் என்று பிரிட்டிஷ் ஆட்சியில் ஆனைமலைத் தேக்குகள் ஆயிரக்கணக்கில் வீழ்த்தப்பட்டன. மலையுச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்திற்கு டாப்ஸ்லிப் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மொட்டையாகிய அம்மலையில் மீண்டும் தேக்கு தழைக்க உழைத்தவர் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி. அவர் 1933-இல் மறைந்தார். அவரது கல்லறை அங்கே தேக்கு மரங்களுக்கிடையே இருக்கிறது. அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்ற பொருள்பட அதில் இலத்தீன் மொழியில் பொறித்திருக்கிறார்கள். தேக்கு முதிர்ந்து பயன் தர அரை நூற்றாண்டுக்கு மேலாகும். அதை நடுகிறவன் தனக்காக நடுவதில்லை.

அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிசையாக நட்ட தேக்கு தோட்டம் ஆகும், காடு ஆகாது. பழமரம் அருகிய தேக்கந்தோட்டத்தில் இருவாய்ச்சிக்கு உணவில்லை. உறுதி மட்டும் நிறைந்த இடத்தில் உயிர்கள் வாழமாட்டா. உறுதிக்குத் தேக்கும், காலம் சொல்ல வேங்கையும், மறைவாக ஊட்ட அத்தியும், கொடுத்தும் கொண்டும் வாழும் சந்தனமும் கலந்து நிற்பதே காடு. மக்கள் சமுதாயமும் அவ்வாறே என்று நான் சொல்லாமலே நீங்கள் உணர்வீர்கள்.

மாணவர்களே! உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ அருகில் உள்ள மூன்று மரங்களைத் தேர்ந்து கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அவற்றின் பெயரைக் கேளுங்கள். இலை உதிரும் நாள், தளிர்க்கும் நாள், பூக்கும் நாள், காய்க்கும் நாள், வந்து அமரும் பறவை ஆகியவற்றை ஓராண்டு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதன்பின் குறுந்தொகையைத் திறந்து பாருங்கள். பழைய பாட்டு உங்கள் ஊரைப் பற்றியே பேசும்.

எனக்கு வாகையைக் காட்டிய அம்மாணவனுக்கு மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னும் நன்றி கூறினேன். அவன் நாணத்தால் தலை குனிந்தான். அந்த வாசல் மரத்தடிக்கு வகுப்பு முழுவதையும் அழைத்துச் சென்று, அப்பாடத்தை முதலிலிருந்து மீண்டும் நடத்தினேன். நான் பேசியதைவிட மரமே அன்று மிகுதியாகப் பேசியது.