டியூடர் ஆட்சியில் சமயமும் மொழியும்: வெல்ஷ், கார்னிஷ் மொழிகளின் இருவேறு நிலை

இங்கிலாந்தை டியூடர் மரபினர் 1485 முதல் 1603 வரை ஆண்டனர். 1534இல் இயற்றப்பட்ட தலைமைச் சட்டம் எட்டாம் ஹென்றியை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அறிவித்தது. அதன்பின், அரசு வகுத்த முறையில் வழிபடுதல் குடிமக்களின் கடமையாயிற்று. எனவே, எம்மொழியில் வழிபடுவது என்பது ஆட்சி பற்றிய வினாவாகவும் அமைந்தது. கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்த வெல்ஷ், கார்னிஷ் ஆகிய உறவுமொழிகள் இரண்டின் வாழ்வை இவ்வினா எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1549ஆம் ஆண்டின் ஒருசீர்மைச் சட்டம் இலத்தீன் வழிபாட்டை நீக்கி, ஆங்கிலப் பொது வழிபாட்டு நூலை நாடெங்கும் கட்டாயமாக்கியது. மக்கள் அறிந்த மொழியில் வழிபாடு நிகழவேண்டும் என்பதே சீர்திருத்தவாதிகளின் கொள்கை. ஆயின், கார்ன்வாலின் மேற்குப் பகுதியில் ஆங்கிலம் அறியாதோர் பலர் வாழ்ந்தனர். அவ்வாண்டே கார்ன்வால், டெவன் மக்கள் கிளர்ந்தெழுந்து எக்சிட்டர் நகரை முற்றுகையிட்டனர். தம்முள் சிலர்க்கு ஆங்கிலம் விளங்காது என்பதும் அவர்கள் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. ஆங்கிலம் அறிந்தோரினும் இலத்தீன் அறிந்தோர் அங்கு மிகுதியோ எனப் பேராயர் கிரான்மர் வினவினார். அவர்தம் தாய்மொழியில் வழிபாட்டு நூலை ஆக்கித் தரும் முயற்சியை அரசு மேற்கொள்ளவில்லை. கிளர்ச்சி படைவலியால் ஒடுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

வேல்சின் நிலை வேறு. 1536ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு நீதிமன்ற மொழியாக ஆங்கிலத்தை விதித்து, வெல்ஷ் மட்டுமே பேசுவோர்க்கு அரசுப் பதவிகளை மறுத்தது. எனினும், முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், 1563இல், விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷில் பெயர்க்குமாறு ஆயர் ஐவரை நாடாளுமன்றம் பணித்தது. 1567இல் வழிபாட்டு நூலும் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. இப்பணியில் வில்லியம் சேல்ஸ்பரியும் ஆயர் ரிச்சர்ட் டேவிசும் முதன்மைப் பங்காற்றினர். 1588இல் வில்லியம் மார்கன் முழு விவிலியத்தையும் வெளியிட்டார்.

இதனை மொழிப்பற்றின் விளைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆங்கில நூல்களும் கோயில்களில் உடன் இருத்தல்வேண்டும் என்றும், மக்கள் இரண்டையும் ஒப்பிட்டு ஆங்கிலம் கற்கலாம் என்றும் அச்சட்டமே கூறியது. வேல்ஸ் மக்களைப் புதிய சமய நெறியில் நிலைபெறச் செய்வதே அரசின் நோக்கம். சமய ஒருமையை எய்துவதற்கு மொழி ஒருமையை ஓரளவு விட்டுக்கொடுக்க நேர்ந்தது எனலாம்.

விளைவுகள் நோக்கத்தைக் கடந்து சென்றன. நீதிமன்றத்தில் இடமிழந்த வெல்ஷ், கோயிலில் இடம்பெற்றது. மார்கனின் நடை வட்டார வழக்குகளுக்கு மேற்பட்ட பொது எழுத்துநடைக்கு அடித்தளமாயிற்று. பின்னாளில் எழுத்தறிவு பரவவும் விவிலியமே பாடநூலாக உதவியது. கார்னிஷோ முன்னரே மேற்கு நோக்கிச் சுருங்கிவந்த மொழி. வழிபாட்டுக் களமும் ஆங்கிலத்திற்கு உரியதாகவே, அதன் வீழ்ச்சி விரைவுற்றது. 1777இல் மறைந்த டாலி பென்ட்ரீத் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய இறுதியானவர் என மரபாகக் கூறப்படுகிறார். இருபதாம் நூற்றாண்டில் மீட்டெழுந்த கார்னிஷ், 2002இல் பிரித்தானிய அரசின் ஏற்பைப் பெற்றது.

பேசுவோர் தொகை, வேல்சின் செழித்த பாணர் மரபு ஆகியனவும் இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களே. ஆயினும், ஆட்சித்துறையில் இடமிழந்த மொழியும், மக்கள் நாள்தோறும் கூடும் வேறொரு பொதுக்களத்தில் எழுத்துவடிவில் நிலைபெறின் வாழக்கூடும் என்பதை வெல்ஷ் காட்டுகிறது. அத்தகைய களம் ஒன்றும் வாய்க்காத மொழி இல்லத்தளவில் ஒடுங்கும் என்பதற்குக் கார்னிஷ் சான்றாகிறது.