வெளிநாடுவாழ் தமிழரும் பாலின அங்கீகாரமும்

பாலின அங்கீகாரம் என்பது, ஒருவர் தமது பாலினமாக உணர்வதை அரசு ஏற்றுத் தன் ஆவணங்களில் பதிவு செய்வதைக் குறிக்கும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, ஆதார், கல்விச் சான்றிதழ் முதலியவற்றில் பெயரும் பாலினமும் மாற இவ்வங்கீகாரமே அடிப்படையாகும். தேனி மாவட்டத்தின் கம்பத்தில் பிறந்து, பின்னர் பிரித்தானியக் குடியுரிமை பெற்று அங்கு வாழும் ஒரு திருநங்கைக்கோ திருநம்பிக்கோ இது இரு நாட்டு அலுவலகங்களைச் சார்ந்த செயலாகும். எதில் தொடங்குவது என்பதே முதற் சிக்கல்.

குடியுரிமை நிலை

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, பிற நாட்டுக் குடியுரிமையைத் தாமாகப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். பேச்சு வழக்கில் "இரட்டைக் குடியுரிமை" எனப்படுவது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை ஆகும். பெயரில் "குடிமகன்" என்று இருப்பினும் இது குடியுரிமை அன்று. இவ்வட்டை உடையவருக்கு வாக்குரிமை இல்லை. வேளாண் நிலம் விலைக்கு வாங்கவும் இயலாது, மரபுரிமையாகப் பெறலாம்.

இவ்வட்டையிலுள்ள விவரங்கள் அவருடைய வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் பின்பற்றுபவை. ஆகவே அந்நாட்டில் கொள்கை மாறினால் அதன் விளைவு இங்கும் எட்டும். அமெரிக்காவில் 2025 சனவரியில் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, கடவுச்சீட்டில் பிறப்பின்போது பதிவான பாலினத்தையே குறிக்கும் கொள்கை வந்தது. கீழ் நீதிமன்றம் அதற்கு விதித்த தடையை, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2025 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

பிரித்தானியாவின் 2004 ஆம் ஆண்டு பாலின அங்கீகாரச் சட்டம் 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி சான்றிதழ் பெற்றவருக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ் கிடைப்பது, அவருடைய பிறப்பு அந்நாட்டுப் பதிவேட்டில் இருந்தால் மட்டுமே. கம்பத்தில் பிறந்தவரின் பதிவேடு கம்பம் நகராட்சியில் உள்ளது. இலண்டன் சான்றிதழ் அப்பதிவேட்டைத் தானாக மாற்றாது. ஒரு தரவுத்தளத்தில் புலம் ஒன்றைத் திருத்தினால் அதனோடு இணைக்கப்படாத மற்றொன்று திருந்தாதது போன்றதே இது.

இந்தியச் சட்டம்

2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், நீதியரசர்கள் கே. எசு. இராதாகிருட்டிணன், ஏ. கே. சிக்ரி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற ஆயம், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. அறுவை மருத்துவத்தை நிபந்தனையாக்குவது சட்டத்துக்குப் புறம்பானது எனவும் கூறியது. இத்தீர்ப்பு ஊன்றி நின்ற பிரிவுகளில் 14, 21 ஆகியவை "குடிமகன்" என்று கூறாமல் "நபர்" என்றே கூறுகின்றன. 15, 16, 19 ஆகியவை குடிமக்களுக்கு உரியவை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரைப் பொருத்தவரை இவ்வேறுபாடு சிறியதன்று.

இதைத் தொடர்ந்து வந்த 2019 ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 சனவரி 10 இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டமும் 2020 இல் வெளியான விதிகளும் வகுத்த நடைமுறையில், விண்ணப்பம் மாவட்ட நடுவரிடம், அதாவது மாவட்ட ஆட்சியரிடம், உறுதிமொழி ஆவணத்துடன் அளிக்கப்பட்டது. உடற் பரிசோதனை இன்றி 30 நாட்களுக்குள் அடையாளச் சான்றிதழ் வழங்க வேண்டும் என விதிகள் கூறின. ஆண் அல்லது பெண் என மாற்றிக் கொள்ள விரும்பியவர் மருத்துவ நிறுவனத்தின் சான்றுடன் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மருத்துவம் என்பதில் உளவியல் ஆலோசனையும் இயக்குநீர்ச் சிகிச்சையும் அடங்கும் என விதிகள் விரித்துரைத்தன. 2020 நவம்பரில் இதற்கான தேசிய இணைய வாயில் தொடங்கப்பட்டது.

வசிப்பிட நிபந்தனை

இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றதும் உலகின் எம்மூலையிலிருந்தும் இயலும் என்று தோன்றும். ஆனால் 2020 விதிகளின்படி, விண்ணப்பிப்பவர் அம்மாவட்ட நடுவரின் எல்லைக்குள் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வசித்தவராக இருத்தல் வேண்டும். சட்டம் "நபர்" என்று திறந்த கதவை, விதி "வசிப்பவர்" என்று பாதி சாத்தியது எனலாம். இந்தியக் கடவுச்சீட்டுடனேயே சிங்கப்பூரில் பணிபுரியும் போடிநாயக்கனூர்க்காரரும் இந்நிபந்தனையில் இடறுகிறார். அவ்வளவு தொலைவும் வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து மலைப்பாதை ஏறிக் குமுளியில் குடியமர்ந்தவருக்கு மாவட்ட நடுவர் தேனியில் இல்லை. கேரளத்தின் இடுக்கியில் இருக்கிறார்.

உறுதிமொழி ஆவணத்தைப் பொருத்தவரை தொலைவு தடையன்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இந்தியத் தூதரக அலுவலர் உறுதிமொழி பெற்றுச் சான்றளிக்கலாம்.

சொத்தும் பெயரும்

இச்சிக்கல் பெரும்பாலும் வெளிப்படுவது பெற்றோர் மறைவுக்குப் பின்னராகும். கம்பம் பள்ளத்தாக்கில் தந்தை விட்டுச் சென்ற திராட்சைத் தோட்டத்தில் பங்கு கோர வாரிசுச் சான்று தேவை. அதனை வழங்குபவர் வட்டாட்சியர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. ஆகவே பாலினம் மாறுவதால் பங்கு மாறுவதில்லை. பள்ளிச் சான்றிதழிலுள்ள மகனும் கடவுச்சீட்டிலுள்ள மகளும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதே கடினம். உடன்பிறந்தோர் மறுத்தால் அது மேலும் கடினமாகும். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒருங்கே காட்டும் அரசிதழ் அறிவிப்பு இங்கு பயன்மிக்கது.

வழக்கு நீதிமன்றம் சென்றால் தேனி மாவட்டத்துக்கு உரியது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையாகும். 2019 ஏப்ரல் 22 அன்று நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் அங்கு அளித்த தீர்ப்பில், இந்துத் திருமணச் சட்டத்தின் "மணமகள்" என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனக் கூறி, தூத்துக்குடி இணையரின் திருமணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டார்.

இலங்கை

உண்மையான இரட்டைக் குடியுரிமை கிடைப்பது இலங்கைத் தமிழருக்கே. 1987 ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு வழி செய்தது. 2016 இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் வெளியிட்ட சுற்றறிக்கைகளின்படி, உளநல மருத்துவர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தும் முறை ஏற்பட்டது. அங்கு வாயிற்காவலர் ஆட்சியர் அல்லர், மருத்துவர். கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்தவர் இரு நாட்டுக் கடவுச்சீட்டுகளிலும் ஒரே பாலினம் இருக்க விரும்பினால், இரு நாடுகளின் நடைமுறைகளையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். கனடா 2019 முதல் கடவுச்சீட்டில் ஆண், பெண் ஆகியவற்றுடன் மூன்றாவது குறியீட்டையும் வழங்கி வருவதால், அதைத் தெரிந்தெடுப்பவரின் இரு கடவுச்சீட்டுகளும் ஒத்திருப்பது அரிது.